ஒரு கையால் திறக்கும் கத்தி

என் கணவருக்கு இடக்கை போன பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் சண்டை ஒரு கொய்யாப்பழத்தால் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், அவர் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடக்குக் கத்தியின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலக்கை நகத்தால் அலகை வெளியே இழுக்கப் பார்த்திருக்கிறார். கீழுதடு கிழிந்து ரத்தம் பனியன் வரைக்கும் ஒழுகியிருந்தது. கொய்யாப்பழம் பக்கத்தில் முழுசாகக் கிடந்தது.

"நான் வந்து நறுக்கித் தர மாட்டனா?" என்று கத்தினேன்.

"நீ சாயங்காலம் வாரே. எனக்கு இப்பப் பசிச்சுது."

"வாழைப்பழம் வாங்கி வச்சிருக்கேன்லா?"

"சாகுற வரைக்கும் வாழைப்பழமே திங்கச் சொல்லுதியா?"

துணியை நனைத்து உதட்டில் வைத்துப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அவர் வேலை செய்தது மும்பை தாராவியில் எங்கள் கல்லிக்கு இரண்டு சந்து தள்ளி இருந்த ஒரு கார்கானாவில், சின்னப் பட்டறை ஒன்றில். கீழே இயந்திரங்கள், மேலே முதலாளியின் வீடு. காய்கறிக் கத்தி, நகவெட்டி, மடக்குக் கத்தி எல்லாம் அங்கே செய்தார்கள். முதலாளியும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். என் கணவர் பிரஸ் இயந்திரத்தில் எஃகுத் தகட்டை வைத்துக் கத்தி வடிவத்தில் வெட்டி எடுப்பவர். ஒரு முறை மிதித்தால் பிரஸ் ஒரு முறைதான் இறங்க வேண்டும். அன்றைக்கு அவர் இடக்கை உள்ளே இருக்கும்போது மிதிக்காமலே மறுபடியும் இறங்கிவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே கொஞ்சம் விட்டு டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். குணமானதும் பேக்கிங் பகுதியில் உட்கார வைத்தார். தான் வெட்டிக்கொண்டிருந்த கத்திகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவதுதான் அதன்பின் அவருக்கு வேலை.

மடக்குக் கத்தி இரண்டு கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட பொருள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. பிடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே அலகு மடங்கிக் கிடக்கும். முதுகுப் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை அதை அமுக்கிப் பிடித்திருக்கும். அலகின் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு சிறிய வெட்டு. ஒரு கை பிடியைப் பிடிக்க, மறுகை நகத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். இத்தனை வருஷம் அதைச் செய்தவருக்கே அதைத் திறக்க முடியாமல் போய்விட்டது.

உதட்டுக் காயம் ஆறியதும் ஒருநாள் கேட்டார், "ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிஞ்சு கார்கானாவுக்கு என்கூட வாரியா? பிடிச்சிக்கிட ஒரு கை வேணும்."

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. சுண்ணாம்புக் கட்டியும் சிவப்பு மையும் பழகிய கை. அவர் சொன்ன இடத்தில் இடுக்கியைப் பிடித்தேன், சொன்னபோது விட்டேன். ஞாயிறு ஆராதனைக்குக் கட்டிய சேலையில் எஃகுத் தூள் ஒட்டும். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் போயின. இப்போது யோசித்தால், எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது அப்போதுதான்.

முதலில் அலகில் பெருவிரல் நுனி அமர்கிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை போட்டார். பிடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, துளையில் பெருவிரலை வைத்துத் தள்ளினால் அலகு திறந்துவிடும் என்பது கணக்கு. ஸ்பிரிங் விடவில்லை. அதை அரத்தால் ராவி மெலிதாக்கினோம். அப்புறம் அலகு எளிதாகத் திறந்தது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை விபத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்தேன்.

எளிதாகத் திறப்பது எளிதாக மூடவும் செய்யும் என்பது மறுநாள் தெரிந்தது. தேங்காய்த் துண்டு ஒன்றை அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி அவருடைய ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தையல் போட்டார்கள். கட்டுப் பிரிக்கும் வரை அவருக்குச் சோறு ஊட்டினேன், பல் தேய்த்துவிட்டேன், மற்றதும் செய்தேன். "இருக்கதே ஒரு கை. அதையும் கொண்டு கொடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்ததும் மறுபடியும் உட்கார்ந்தார். இந்தமுறை பிடியின் உள்ளே ஒரு பித்தளைத் தகட்டை நீளவாட்டில் கீறி, அந்தக் கீற்றை லேசாக உள்பக்கம் வளைத்தார். அலகு முழுதாகத் திறந்ததும் கீற்று தானாக நகர்ந்து அலகின் அடியில் வந்து முட்டிக்கொள்ளும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. மூட வேண்டுமானால் பெருவிரலால் கீற்றை ஒதுக்கிவிட்டு, அலகின் முதுகைத் தொடையில் வைத்து அழுத்த வேண்டும்.

கடைசியாக முனை. ஒரு கையில் வேலை செய்கிறவன் தன்னையே குத்திக்கொள்ளக் கூடாது என்று கூர்முனையை ராவி உருண்டையாக்கினார். ஆட்டின் குளம்பு மாதிரி மழுங்கிய முனை. பார்க்க அழகாக இல்லை. நன்றாக வெட்டியது.

அந்த நாட்களில் நான் போனில் தேடிப் பார்த்தேன். பல வருஷங்களுக்கு முன்பே அயல்நாடுகளில், போரில் கை இழந்த சிப்பாய்களுக்காக ஒரு கையால் பயன்படுத்தும் கத்திகள் செய்திருக்கிறார்கள். துளை போட்ட அலகும், உள்ளே முட்டுக்கொடுக்கும் தகடும்கூட எங்கோ யாரோ முன்பே யோசித்தவைதான். அவரிடம் படித்துச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அவனும் மொதல்ல பல்லாலதான் இழுத்திருப்பான்" என்றார்.

அண்ணாச்சி அந்தக் கத்தியைக் கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார். "எல, இது நல்லாருக்கே. கொஞ்சம் செஞ்சு பாப்பமா?" என்று கேட்டார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் செய்தவை எங்களுக்குத் தெரிந்தவர்கள் மூலமாகவே போயின. லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து கை போனவர் ஒருவர் வாங்கினார். பக்கவாதம் வந்த தன் அப்பாவுக்காகச் செம்பூரிலிருந்து ஒரு பெண் வந்து வாங்கிப் போனாள். விக்ரோலியில் ஒரு அம்மா, அடுப்பு வெடித்ததில் ஒரு கையின் விரல்கள் எல்லாம் ஒட்டிப்போனவர், எங்கள் வீட்டுக்கே வந்து, வாங்கிய கத்தியால் ஆப்பிளை நறுக்கி எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு என் கணவர் வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

பிறகு மொத்த வியாபாரி வந்தான். அண்ணாச்சியிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் ஆள், இந்தி பேசுகிறவன். கத்தியைத் திறந்து பார்த்தான். திறக்கும் விதம் அவனுக்குப் பிடித்திருந்தது. முனை பிடிக்கவில்லை. "இந்த மூக்கை வைத்துக்கொண்டு யார் வாங்குவான்? முனை கொடுங்கள். கறுப்பு நிறம் கொடுங்கள். பையன்கள் வாங்குவார்கள்" என்றான். அலகை ஒரு விரல் அகலம் நீட்டவும் சொன்னான். பெருவிரலால் தள்ளுவது மெதுவாக இருக்கிறது, அலகின் அடியில் வெளியே துருத்துகிற மாதிரி ஒரு கொம்பு வைத்தால் ஆள்காட்டி விரலால் ஒரே தட்டில் திறக்கலாமே என்றும் சொன்னான்.

என் கணவர் அன்று மாலை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னார், "அண்ணாச்சி, முனை வேண்டாம். இது காய் நறுக்கதுக்குச் செஞ்சது."

"காய் நறுக்கதுக்கு எத்தன கையில்லாதவன்ல இருக்கான் இந்த ஊர்ல? நான் கார்கானா நடத்தாண்டாமா?"

"கொம்பாவது வேண்டாம்."

"ஏல, நீ செய்யலன்னா அடுத்த கல்லிக்காரன் செய்வான். மாதிரிய வச்சிக்கிட்டு நாலு நாள்ல செஞ்சிருவான். நீ செஞ்சா ஒழுங்காவாவது இருக்கும்."

அவர் செய்துகொடுத்தார். வேலையை விட்டால் ஒரு கைக்காரரை வேறு யார் சேர்ப்பார்கள்? வீட்டுக்கு வந்து என்னிடம் அந்தப் பேச்சை அப்படியே சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. கறுப்புக் கத்திகள் பெட்டி பெட்டியாகப் போயின. ரயில் நிலைய வாசல்களில், மொபைல் கவர் விற்கிற தள்ளுவண்டிகளில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் ஓர் ஆப்பிள் படம் போட்டிருக்கும்.

எங்கள் கல்லியின் முனையில் ஒரு குடும்பம் இட்லி வியாபாரம் செய்தது. கணவர் விடிவதற்குள் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போவார். அலுவலகம் போகிறவர்கள் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வெயில் ஏறும் நேரத்துக்குக் காலிப் பாத்திரங்களோடு திரும்புவார். மெலிந்த, சத்தமில்லாத மனிதர். என்னைப் பார்த்தால் மணியடித்து "டீச்சர்" என்பார், அவ்வளவுதான்.

அன்று நான் பள்ளியில் இருந்தேன். நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்லியின் குறுக்கே ஒரு பைக் நின்றிருக்கிறது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிற ஓர் இளைஞனுடையது. இட்லிக்காரர் சைக்கிளை இடுக்கில் நுழைத்துத் தள்ளும்போது சாம்பார்ப் பாத்திரம் சரிந்து, மிச்சமிருந்த சாம்பார் பைக்கின் சீட்டில் கொட்டிவிட்டது. அவன் ஓடிவந்தான். இவர் துணியால் துடைத்துக்கொடுக்கக் குனிந்திருக்கிறார். அவன் ஏதோ வைதான். இவர் பதிலுக்கு, பைக்கை வழியில் நிறுத்தியது யார் என்று கேட்டிருக்கிறார். கேட்டது அது ஒன்றுதான். அவன் இடக்கையால் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பார்சல் டேப் அறுப்பதற்காகப் பேண்ட் பையில் வைத்திருந்த கறுப்புக் கத்தியை வலக்கையால் எடுத்து, அதே கையால் திறந்து, விலாவுக்குக் கீழே குத்திவிட்டான். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

பழைய இரண்டு கைக் கத்தியாக இருந்திருந்தால் அதைத் திறக்க அவன் சட்டையை விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் அவர் ஓடியிருக்கலாம், யாராவது நடுவில் புகுந்திருக்கலாம், அவனுக்கே அதற்குள் ஆத்திரம் அடங்கியிருக்கலாம். இதை நான் அன்று மாலையே நினைத்துவிட்டேன். என் கணவரிடம் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

போலீஸ் கார்கானாவுக்கு வந்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். இதை யார் செய்தது என்று கேட்டதும் அண்ணாச்சி தயங்கினாராம். என் கணவர்தான் முன்னால் வந்து, "நான்தான் செஞ்சேன்" என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் அவருடைய இடது சட்டைக்கையைப் பார்த்துவிட்டு நம்பவில்லை. விளையாடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவர் பையிலிருந்து தன் சொந்தக் கத்தியை எடுத்துத் திறந்து காட்டியிருக்கிறார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சியையும் இவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, மறுநாள் மத்தியானம்தான் விட்டார்கள். பட்டனை அமுக்கினால் திறக்கும் கத்தியா, சாதா மடக்குக் கத்தியா என்பதுதான் திரும்பத் திரும்பக் கேள்வியாம்; பட்டன் கத்தி என்றால் வழக்கு வேறு மாதிரியாம்.

வீட்டுக்கு வந்தவர் குளித்தார். சாப்பிட்டார். பிறகு, "இட்லிக்காரர் வீட்டுக்குப் போவணும்" என்றார்.

"இப்ப வேண்டாங்க. அவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சா நெனக்கட்டும்."

உடனே போக விடாமல் தடுத்தேன். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மத்தியான நேரத்தில் போனோம். அதற்குள் இட்லிக்காரரின் மனைவி மறுபடியும் மாவு அரைக்கத் தொடங்கியிருந்தாள். மாட்டுங்காவுக்குச் சைக்கிளில் அவளுடைய அண்ணன் போனான். எங்களைப் பார்த்ததும் கிரைண்டரை நிறுத்தினாள். "உக்காருங்க டீச்சர்" என்றாள். நான் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை.

"அந்தக் கத்தி நான் செஞ்சது. மொதல்ல எனக்காவச் செஞ்சேன். பொறவு விக்கதுக்குச் செஞ்சேன்" என்றார்.

"தெரியும். போலீஸ்காரங்க சொன்னாவ."

அவள் விரலில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

"அது எப்பிடித் தொறக்கும்? சொல்லுங்கண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலியான உள்ளங்கையை விரித்து, விரல்களை மடக்கிக் காட்டினார். "இப்பிடிப் பிடிச்சு ஆள்காட்டி விரலால தட்டணும். அலகு சுத்தி வெளிய வரும். உள்ள ஒரு தகடு போயி முட்டும். டக்குன்னு சத்தம் கேக்கும்."

"சத்தம் கேக்குமா?"

"கேக்கும்."

"அப்போ அவுகளுக்குக் கேட்டிருக்கும்."

நான் குறுக்கே புகுந்து, "கல்லியில அவ்வளவு இரைச்சல், அதுல எங்க..." என்று தொடங்கினேன்.

"டீச்சர், நீங்க இருங்க. நான் அண்ணன்கிட்ட கேக்கேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கிட்ட நின்னா கேக்கும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். "அவுக ஏன் ஓடலன்னு எல்லாரும் கேக்காவ. என் மாமியாகூடக் கேக்காவ. கல்லு மாதிரி நின்னுட்டானேன்னு அழுதாவ. அவன் சட்டயப் பிடிச்சிருந்தான்லா? எப்பிடி ஓட முடியும்? சத்தம் கேட்டிருக்கும், தெரிஞ்சிருக்கும், ஆனா ஓட முடியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணே. ஆனா இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு அதுதான் ஞாவகம் வரும்."

அவர் சரி என்றார். அதற்குப் பிறகு கல்லியின் அந்த முனை வழியாக அவர் நடந்ததே இல்லை. ரயில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றாலும் சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார்.

கார்கானாவில் கத்தி வேலை நின்றது. அண்ணாச்சி ஜிப் தலைப்பும் பெல்ட் கொக்கியும் செய்யத் தொடங்கினார். என் கணவர் வேலைக்குத் திரும்பவில்லை. அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர வெகுகாலம் ஆனது. சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். குற்றவாளிக் கூண்டில் நின்ற அந்த இளைஞன் நான் நினைத்ததைவிடச் சின்னவனாகத் தெரிந்தான். அவனுடைய அம்மா பின்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். இட்லிக்காரரின் மனைவி அதே பெஞ்சின் மறுகோடியில் இருந்தாள். எங்களைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

அவனுடைய வக்கீல் என் கணவரிடம் மரியாதையாகத்தான் பேசினார். இந்தக் கத்தியை ஊனமுற்றவர்கள் பழம் நறுக்குவதற்காகத்தானே உண்டாக்கினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். அப்படியானால் இது ஆயுதம் இல்லை, அல்லவா? அதற்கு இவர், "நான் மொதல்ல செஞ்சதுக்கு முனை கிடையாது சார். இதுக்கு முனை இருக்கு. அதையும் நான்தான் வச்சேன்" என்று இந்தியில் சொன்னார். வக்கீல் அத்தோடு விடவில்லை. இது ஒரு கைக்காரருக்கான கருவிதான் என்று நிரூபிக்க, எப்படித் திறக்கிறது என்று நீதிபதிக்குக் காட்டச் சொன்னார். முத்திரை போட்ட உறையைப் பிரித்துக் கத்தியைக் கொடுத்தார்கள்.

அவர் தயங்கினார் என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் கை பழக்கப்பட்ட கை. வாங்கியதும் விரல்கள் தாமாகவே இடம் பார்த்து அமர்ந்தன. கண்ணிமைக்கும் நேரத்தில் அலகு வெளியே நின்றது. அந்தச் சின்ன அறை முழுக்க 'டக்' என்ற சத்தம் கேட்டது. பின்பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. இட்லிக்காரரின் மனைவி எழுந்து, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். அவள் போவதை அவன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பல ஸ்டேஷன்கள் கடந்த பிறகு அவர் கேட்டார், "அவ வெளிய போனதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"தகட்டக் கொஞ்சம் மெலிசா வச்சிருந்தா சத்தம் வந்திருக்காது." பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. சத்தம் வந்தாத்தான் பூட்டியிருக்குன்னு தெரியும். அதுக்காவத்தான் வச்சேன்."

எதிரே இருந்தவர் எங்களையே பார்த்ததால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. நாங்கள் இப்போது செம்பூரில் வாடகைக்கு இருக்கிறோம். நான் இங்கிருந்து பள்ளிக்கு இரண்டு வண்டி மாறிப் போக வேண்டும். அவர் ஒரு குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார். வருகிற பார்சல்களை வாங்கி வைக்கிற வேலையும் அவருடையதுதான். ஒரு பாட்டியம்மா பார்சலைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டாராம். கத்தி இல்லை என்றிருக்கிறார். உன் வாட்ச்மேன் அறைக்குள் இருக்கும், தேடிப் பாரப்பா என்றாராம் அந்த அம்மா. இவர் பார்சலைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இரவு சாப்பிடும்போது இதைச் சொன்னார். நான் மீனின் முள்ளை நீக்கிச் சதையை அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். போதும் என்றார், நான் நிறுத்தினேன்.